பல்லாவரத்துக் கல்

நிலவியல் பயிலும் மாணவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். தார்வார் பாறைத் தொகுதி என்று தொடங்கினால் போதும், மூச்சு விடாமல் ஒப்பித்து முடிப்பார். நானும் அப்படித்தான் ஒப்பித்தேன். தேர்வில் மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் அந்தப் பாறைகளைத் தனியொரு தொகுதியாகப் பிரித்தறிந்து 1886-ஆம் ஆண்டில் அப்பெயரைச் சூட்டியவர் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பெயர்கள் எல்லாம் பாறைகளோடு சேர்ந்தே முளைத்து வந்தவை என்று எண்ணியிருந்தேன் போலும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஏற்காடு சென்றேன். ஏரியில் படகு விடுவதற்குக் கூட்டம் மிகுதியாக இருந்தது. காத்திருக்கப் பொறுமையின்றி நடந்தவர்கள் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தை அடைந்தோம். அங்கே இராபர்ட் புரூஸ் ஃபுட் என்பவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. நண்பர்கள் படமெடுத்துக்கொண்டு அகன்றார்கள். நான் மட்டும் நின்றேன். தார்வாருக்குப் பெயரிட்டவர் இவரே என்பதும், இந்தியாவின் தொல்பழங்காலத்தைக் கண்டெடுத்தவரும் இவரே என்பதும் ஊர் திரும்பி நூலகத்தில் தேடிய பிறகுதான் தெரியவந்தன. எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் மலையில் வாழ்ந்த மனிதரை இருபது வயதுவரை அறியாதிருந்தேனே என்ற வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

புரூஸ் ஃபுட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தின் செல்டன்காம் நகரில் பிறந்தார். 1858 டிசம்பரில், தம் 24-ஆம் வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். அத்துறை அப்போது தாமஸ் ஓல்டாம் என்பவரின் தலைமையில் வளர்ந்துகொண்டிருந்த ஒரு சிறு குடும்பம். நாட்டில் எங்கே நிலக்கரி கிடைக்கும், எங்கே இரும்பு கிடைக்கும், எந்தப் பாறை எதன் மேல் படிந்திருக்கிறது என்று ஊர் ஊராக நடந்து வரைபடம் தீட்டுவதே அவர்களுடைய வேலை. ஃபுட்டுக்குச் சென்னை மாகாணம் ஒதுக்கப்பட்டது. கற்கால மனிதனைத் தேடும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதற்கென அவருக்குச் சம்பளமும் இல்லை. இதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

அந்நாட்களில் ஐரோப்பாவில் ஒரு பெரும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. பிரான்சு நாட்டின் சோம் ஆற்றங்கரைச் சரளையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு செதுக்கிய கற்களும் கிடைக்கின்றன என்று பூஷே தெ பெர்த் என்பவர் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார். பலர் அவரை நம்பவில்லை. 1859-இல் பிரஸ்ட்விச், எவான்சு என்னும் இரண்டு ஆங்கில அறிஞர்கள் நேரில் சென்று பார்த்து, அவர் சொன்னது மெய்யே என்று சான்று கூறினர். டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். மனிதன் சில ஆயிரம் ஆண்டுகளே பழையவன் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. இந்தச் செய்திகள் இந்தியாவில் கூடாரங்களில் தங்கியிருந்த நிலவியலாரையும் எட்டின. ஆகவே ஃபுட் சரளையைப் பார்க்கும் பார்வையில் ஒரு கேள்வி முன்கூட்டியே குடிகொண்டிருந்தது.

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள். சென்னையை அடுத்த பல்லாவரத்தில் படையினர் அணிவகுக்கும் மைதானத்தில் சரளைக்காக ஒரு சிறு குழி வெட்டியிருந்தார்கள். செம்பூரான் சரளை நிறைந்த மண் அது. வெட்டி வெளியே கொட்டப்பட்ட கற்குவியலில் ஒரு கல்லை ஃபுட் கண்டார், குனிந்து எடுத்தார். குவார்ட்சைட்டு என்னும் கல்லால் ஆன கருவி அது. பல்லாவரத்துக் குன்றுகளின் கல் வேறு. அது நாமெல்லாம் படிக்கும் சார்னோக்கைட்டு. கையில் எடுத்த கல்லோ குன்றின் கல்லும் அன்று, தானே உடைந்த கல்லும் அன்று. இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் கல் அதுவே.

குனிந்து எடுத்தது என்னவோ ஒரு நொடி வேலைதான். ஆனால் அந்தக் குழியை வெட்டியவர் யார்? கடப்பாரை பிடித்தவர் யார், கூடை சுமந்தவர் யார்? அவர்கள் பெயர் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. ஃபுட் பார்ப்பதற்கு முன்பே அந்தக் கல்லை ஒருவர் கையாலோ கூடையாலோ தூக்கி எறிந்திருக்கிறார். கண்டுபிடிப்பு என்பது முதலில் தொட்டவருக்கு உரியதா, இன்னதென்று அறிந்தவருக்கு உரியதா? அறிந்தவருக்கே உரியது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கூடையை என்னால் மறக்க முடியவில்லை. என் தந்தையார் கல் உடைக்கும் தொழிலாளி என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

தந்தையாரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஏனெனில் ஒரு கல் மனிதன் அடித்ததா, ஆறு உடைத்ததா என்பதை எனக்கு விளங்க வைத்தவர் அவரே. புத்தகத்தில் அதைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது. மூன்று முறை படித்தும் எனக்குப் பிடிபடவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கைக்கோடரியைக் கைப்பேசியில் படமெடுத்து வந்து அவரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலால் ஒவ்வொரு பள்ளத்தையும் தொட்டு, இங்கே ஒரு தட்டு, கல்லைத் திருப்பி அந்தப் பக்கம் ஒரு தட்டு, மறுபடி இங்கே என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். ஓரத்தில் அடி விழுந்த இடத்தில் சில்லு பெயரும். பெயர்ந்த சில்லின் உட்புறம் சற்றே புடைத்திருக்கும். தாய்க்கல்லில் அதே அளவு குழி விழும் என்றார். புத்தகம் அடிக்குமிழ் என்று சொல்வது இதைத்தான்! ஆற்றில் உருண்டு உடைந்த கல்லில் அடிகள் கண்டபடி விழும். இதிலோ ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்கு இடம் பார்த்து விழுந்திருக்கிறது. குவாரிக் கல் இப்படிப் பெயராது, இது மாவுபோல் நெருங்கிய கல்லாக இருக்க வேண்டும் என்றும் கேட்காமலே சொன்னார். குவார்ட்சைட்டு அத்தகைய கல்தான். மணல் துகள்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால் அடியின் விசை துகள்களைச் சுற்றிப் போகாமல் குறுக்கே வெட்டிச் செல்கிறது, விளிம்பு கூர்மையாகிறது. கடைசியாகத் தந்தையார், செய்தவன் இடது கையில் பிடித்தானா வலது கையில் பிடித்தானா என்று என்னைக் கேட்டார். விடை தெரியாமல் விழித்தேன்.

பல்லாவரத்தில் கிடைத்தது ஒற்றைக் கல். ஒன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதை ஃபுட் நன்கு அறிந்திருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் சென்னைக்கு வடமேற்கே கொற்றலையாற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்திற்குச் சென்றனர். அங்கே ஓடைகள் அரித்த நிலத்தில் கைக்கோடரிகள் ஒன்றல்ல, இரண்டல்ல, ஏராளமாகக் கிடந்தன. 1866-இல் சென்னையில் வெளிவந்த அறிவியல் இதழொன்றில் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். 1868-இல் லண்டன் நிலவியல் கழகத்தின் இதழிலும் எழுதினார். ஐரோப்பாவில் மட்டுமே பேசப்பட்ட பழைய கற்கால மனிதன் நம் செங்கற்பட்டுச் சீமையிலும் வாழ்ந்தான் என்பதை உலகம் அறிந்தது.

அந்த மனிதர்களுக்கு வீடு இல்லை, வயல் இல்லை, பானை இல்லை. வேட்டையாடியும், காய் கனி கிழங்கு சேகரித்தும் பிழைத்தவர்கள். தண்ணீர் உள்ள இடத்தில் தங்கினார்கள். இரை நகர்ந்தால் அவர்களும் நகர்ந்தார்கள். அத்திரம்பாக்கம் அவர்கள் மீண்டும் மீண்டும் வந்து தங்கிய இடம். அருகிலுள்ள அல்லிக்குழி மலைப்பகுதியின் கூழாங்கற்பாறைகளில் குவார்ட்சைட்டு உருளைகள் வேண்டிய மட்டும் உண்டு. பெரிய கல்லை அங்கேயே உடைத்து, வேண்டிய பெருஞ்சில்லுகளை மட்டும் தங்குமிடத்திற்குக் கொண்டுவந்து கூர்செய்திருக்கிறார்கள் என்பது பிற்கால அகழாய்வில் தெரிந்தது. சில்லுகள் இருக்கின்றன, அவற்றைப் பெயர்த்த தாய்க்கற்கள் அங்கே இல்லை. அதை வைத்துத்தான் இந்த முடிவு. சுமையைக் குறைத்துக்கொண்டு நடக்க அன்றைக்கே தெரிந்திருக்கிறது!

ஃபுட் எல்லாவற்றிலும் சரியாகவே சொன்னார் என்று எழுதினால் அது புகழ்மாலை ஆகிவிடும். கருவிகள் புதைந்திருந்த செம்பூரான் படிவு கடலடியில் உண்டானது என்று தொடக்கத்தில் கருதினார். அக்கருத்தைப் பின்வந்தவர்கள் ஏற்கவில்லை. கருவிகளின் வயதை ஆண்டுக்கணக்கில் சொல்ல அவர் காலத்தில் வழியே இல்லை. ஆனால் எந்தக் கல் எந்த ஊரில், எந்தப் படிவில், எந்த நிலையில் கிடைத்தது என்பதை அவர் எழுதி வைத்தார். விளக்கம் தவறினாலும் குறிப்பு தவறவில்லை. அதனால்தான் பின்வந்தவர்கள் அவரைத் திருத்த முடிந்தது. இடக்குறிப்பு இல்லாத கல், முகவரி கிழிந்த கடிதம் போன்றது என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் கூறுவார்.

அவர் கால் படாத மாவட்டம் தென்னாட்டில் குறைவு. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை ஆராய்ந்து 1883-இல் நூல் வெளியிட்டார். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரத்தின் செம்மணல் தேரியில் மிகச் சிறிய கற்சில்லுகளைத் திரட்டினார். அவை பழைய கற்காலத்திற்கு மிகவும் பிற்பட்டவை. அம்பு முனையாகவும் முள்ளாகவும் மரத்தில் பொருத்தத் தக்க நுண்கற்கருவிகளைச் செய்த கடற்கரை வேடர்கள் அந்தத் தேரிகளில் தங்கியிருந்தனர் என்பதை 1956-இல் சாய்னர், ஆல்ச்சின் என்னும் அறிஞர்கள் விரிவாக எழுதினர். பெல்லாரிப் பகுதியில் புதிய கற்கால ஊர்கள், சாம்பல் மேடுகள், குசராத்தின் சபர்மதி ஆற்றங்கரை என அவர் கண்ட இடங்கள் 400-க்கும் மேல். எல்லாவற்றையும் எழுதினால் இந்த மலர் போதாது.

ஆனால் ஒன்றை விடக் கூடாது. கர்நூல் பகுதியில் பில்ல சுரங்கம் என்ற சுண்ணாம்புக்கல் குகைகள் உள்ளன. அங்கே விலங்கெலும்புகள் கிடைப்பதை நியூபோல்டு என்ற படை அதிகாரி 1844-இல் எழுதியிருந்தார். பிறகு அது மறக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லி அக்குகைகளை ஆராயும்படி சென்னை ஆளுநர் கிராண்ட் டஃபைத் தூண்டினார். பணி ஃபுட்டுக்கு வந்தது. 1884-இல் அவர் தொடங்கிய அகழ்வைத் தொடர்ந்து நடத்தியவர் அவருடைய மகன் ஹென்றி. பீரங்கிப் படையில் அதிகாரி. குகைத் தரையைத் தோண்டியபோது, இந்நாட்டில் இன்று இல்லாத விலங்குகளின் எலும்புகளும், மனிதன் செதுக்கியவை எனத் தோன்றிய எலும்புத் துண்டுகளும் வெளிவந்தன. தந்தை வெளியே, மகன் குகைக்குள்! எங்கள் வீட்டிலும் தந்தையும் மகனும் கல்லோடுதான் இருக்கிறோம். அவர் உடைக்கிறார், நான் பெயர் சொல்கிறேன்.

ஃபுட்டின் மனைவி எலிசபெத், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். தமிழ்த்துறை நண்பர்களுக்கு இப்பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டவரும் அவரே. தம் முதுமையை ஏற்காட்டில் கழித்து 1882-இல் மறைந்தார். மாமனார் ஊர் ஊராகப் பழமொழி திரட்டினார், மருமகனார் கல் திரட்டினார். ஃபுட்டும் ஏற்காட்டையே தம் இருப்பிடமாகக் கொண்டதற்கு இந்த உறவும் காரணம் ஆகலாம் என்பது என் ஊகம்.

1891-இல் நிலவியல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓயவில்லை. பரோடா அரசிலும் பின்னர் மைசூர் அரசிலும் நிலவியலாராகப் பணியாற்றினார். சேர்வராயன் மலைக்குத் திரும்பியவர் இங்கும் கல் திரட்டினார். வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகளை நம் மாவட்டத்து மலைமக்கள் பிள்ளையார் கோயிலடியில் வைத்து வணங்கிவந்தார்கள். இடி விழுந்த இடத்தில் கிடைக்கும் கல் என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. மூடநம்பிக்கை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் வணங்கியவர்களுக்கும் அது வெறுங்கல் அன்று என்பது தெரிந்திருக்கிறது. சாலைக்குக் கொட்டாமல் காத்திருக்கிறார்களே!

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரட்டிய தொகுப்பை 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிக்கொண்டது. இங்கிலாந்துக்குக் கப்பலேறிய செல்வங்கள் எத்தனையோ. இது எழும்பூரில் தங்கியது. ஃபுட் ஓய்ந்திருக்க வேண்டிய வயதில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லுக்கும் பட்டியல் எழுதினார். அச்சான நூலைப் பார்க்க அவர் இல்லை. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார், வயது 78. பட்டியல் 1914-இலும், அதன் விளக்க நூல் 1916-இலும் வெளிவந்தன.

அவர் எழுதி வைத்த இடக்குறிப்பு வீண்போகவில்லை. அத்திரம்பாக்கத்தை 1930-களில் வி.டி. கிருஷ்ணசாமி ஆராய்ந்தார், 1960-களில் தொல்லியல் துறை அகழ்ந்தது. 1999 முதல் சாந்தி பப்பு அவர்களின் குழுவினர் பல ஆண்டுகள் அங்கே குழிகள் இட்டு, அங்குலம் அங்குலமாகக் கீழே சென்றனர். ஃபுட் கண்ட சரளைக்கும் அடியில் இருந்த களிமண்ணில் 3,500-க்கும் மேற்பட்ட கருவிகளும், மூன்று விலங்குப் பற்களின் புதைபடிவங்களும், குளம்படி போன்ற தடங்களும் வெளிவந்தன. மண்ணின் காந்தப் பதிவையும், விண்கதிர்களால் குவார்ட்சில் உண்டாகும் அலுமினியம், பெரிலியம் அணுக்களையும் கொண்டு வயதைக் கணித்தார்கள். 2011-இல் வெளிவந்த முடிவு: ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள்! கைக்கோடரியை விட்டுச் சிறு சில்லுக் கருவிகளுக்கு மாறிய காலம் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-இல் அறிவித்தார்கள். 15 லட்சம் என்று தந்தையாரிடம் சொன்னேன். எத்தனை தலைமுறை என்று கேட்டார். தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு வைத்து வகுத்தால் 60,000 வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருவிகள் இவ்வளவு கிடைத்தும், அவற்றைச் செய்தவரின் எலும்பு ஒன்றுகூட அந்த அகழாய்வில் கிடைக்கவில்லை. எத்தகைய மனித இனம் அது என்பது இன்னும் முடியாத கேள்வியாகவே இருக்கிறது.

சென்ற பொங்கல் விடுமுறையில் எங்கள் ஊர் ஓடையில் நானும் ஒரு கல்லைக் கண்டெடுத்தேன். முக்கோண வடிவம், ஒரு பக்கம் கூர். நெஞ்சு படபடக்க வீட்டுக்கு ஓடிவந்து தந்தையாரிடம் நீட்டினேன். அவர் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, யாரும் தட்டியதில்லை, வண்டிச் சக்கரம் ஏறிப் பிளந்தது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். துறையில் கேட்டேன், அங்கும் அதே தீர்ப்புதான். ஆயினும் அதை எறியவில்லை. ஓடையின் பெயரையும், எடுத்த இடத்தையும், நாளையும் தாளில் எழுதி அதன்மேல் ஒட்டி, மேசை மீது வைத்திருக்கிறேன்.